அத்தை சொல்லாத பெயர்

சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் நண்பர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, "என்ன வாங்கி வந்தீர்?" என்பதுதான். ஒன்றும் வாங்கி வரவில்லை. இங்கிருந்து கொண்டுபோன சாமான் ஒன்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். அது ஒரு வெண்கலக் குங்குமச் சிமிழ். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதற்கு உரியவள் என் அத்தை. அவள் காலமாகி நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

என் மகன் அங்கே உத்தியோகம் பார்க்கிறான். நான் போய் இறங்குவதற்கு முன்பே, எனக்குக் காட்டவேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். பூந்தோட்டம், பறவைப் பூங்கா, கடற்கரை என்று நீண்டது பட்டியல். நான், "முதலில் கிராஞ்சிக்குப் போகவேண்டும்" என்றேன்.

"அங்கே யுத்தச் சமாதிகள்தானே அப்பா இருக்கின்றன?"

"ஆமாம். நம் உறவுக்காரர் ஒருவர் அங்கே இருந்தாலும் இருப்பார்."

சொல்லிவிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த 'இருந்தாலும் இருப்பார்' என்ற வார்த்தையோடுதான் என் அத்தை நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

எங்கள் ஊர் செங்கத்துக்குப் பக்கம். அந்த நாளில் அது வட ஆர்க்காடு ஜில்லா. அத்தை 1923இல் பிறந்தவள். பதினாறு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமா பஸ்ஸில் கிளீனராக இருந்து டிரைவராக உயர்ந்தவர். 1940இல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டார். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்பது அவர் சேர்ந்த பிரிவு. சண்டை போடுகிறவர்களுக்குச் சோறும் தோட்டாவும் பெட்ரோலும் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பிரிவின் வேலை. "துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லே. ஸ்டீரிங் பிடிக்கிற வேலைதான்" என்று அத்தைக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மலேயாவிலிருந்து அவர் பெயரில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் அவர் சொல்ல வேறு யாரோ எழுதியவை. ஓயாத மழை என்றும், ரப்பர்த் தோட்டங்களில் நம் ஜனங்கள் நிறைய இருப்பதால் தமிழ் கேட்கக் குறைவில்லை என்றும் எழுதியிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் வந்து இறங்கினார்கள். எழுபது நாளில் எல்லாம் முடிந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்துச் சர்க்கார் கடிதம் ஒன்று வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்து, "மிஸ்ஸிங் என்று போட்டிருக்கிறான். அதாவது, காணவில்லை" என்று அர்த்தம் சொன்னார்.

"ஆடு மாடு காணாமப் போகும். ஆளு எப்படி ஐயா காணாமப் போவான்?" என்று கேட்டாராம் என் தாத்தா.

ஆனால் அத்தை அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காணாமற்போனது கிடைக்கும். ஊரிலே தொலைந்த மாடு நாலு நாள் கழித்துத் தானாகவே கொட்டிலுக்கு வந்து நிற்பதில்லையா?

சண்டை முடிந்து, பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். அவரவர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் பெரிய மைதானம் ஒன்றில் ஜப்பான்காரன் எல்லாரையும் கூட்டியபோது மாமாவைப் பார்த்ததாகச் சொன்னார் ஒருவர். நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்விட்டார் என்றார் இன்னொருவர். சயாமில் வேறு குடும்பம் செய்துகொண்டு இருக்கிறாராம் என்று ஒரு பேச்சும் கிளம்பிற்று. கிணற்றடியில் இந்தக் கடைசிச் செய்திக்குத்தான் மவுசு அதிகம். அத்தையின் காதிலும் அது விழுந்தது. "இருக்கட்டுமே. உசிரோட இருந்தா சரி" என்றாள்.

1946இல் இரண்டாவது கடிதம் வந்தது. அதில், இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று எழுதியிருந்தது. மனைவிக்குப் பென்ஷன் உண்டு என்றும் கண்டிருந்தது.

"கருதப்படுறாருன்னா, யாரு கருதறது?" என்று கேட்டாள் அத்தை. வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்கென்று நம்மவர்கள் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். புல்லால் ஓர் உருவம் செய்து, அதையே ஆளாகப் பாவித்து, கொள்ளி வைத்துக் கருமம் முடித்துவிடுவது. தாத்தா அதற்கு நாள் பார்த்துவிட்டார். கருமம் முடிந்தால் பெண்ணின் நெற்றியை அழிக்கவேண்டும், தாலியை வாங்கவேண்டும். அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்: "புல்லைக் கொளுத்தறதுக்கு எதுக்கு என் பொட்டு?" சடங்கு நின்றுபோயிற்று. கடிதத்தை வாங்கி எரவாணத்தில் செருகிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது.

இவையெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை. நானே கண்டது 1958இல் நடந்தது. தாத்தா காலமாகிவிட்டார். இரண்டு வருஷமாக வெள்ளாமை சரியில்லை. அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. ஒருநாள் எரவாணத்திலிருந்து கடிதத்தை எடுத்துத் தூசி தட்டினாள். ஒன்பது வயதுப் பையனாகிய என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

அது எந்த அலுவலகம் என்பது இப்போது அவசியமில்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். காகிதத்தைப் பார்த்தார். "புருஷன் பேர் சொல்லும்மா" என்றார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். மாமாவின் பெயரோ ஒரு சாமியின் பெயர். தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயர். அந்தச் சாமியைக்கூட அத்தை பெயர் சொல்லிக் கும்பிட்டதில்லை. 'மலைமேல இருக்கிறவரே' என்றுதான் கூப்பிடுவாள். குமாஸ்தா இரண்டாம் முறையும் கேட்டார். அத்தை என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினாள். நான் பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டேன். அத்தையின் கை என் தோளில் ஒருமுறை நடுங்கியது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு.

"பென்ஷன் யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க."

"இது விதவைப் பென்ஷன் ஆச்சே" என்றார். அவர் கெட்டவரல்லர். சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மேலதிகாரி பார்த்தால் கேள்வி கேட்பார். அடுத்த தடவை வரும்போது இதெல்லாம் இல்லாமல் வாம்மா" என்று சொன்னார்.

அத்தை அப்படியே செய்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட அந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும். வாசலுக்கு எதிரே ஒரு குழாயடி. அங்கே முகத்தைக் கழுவி, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிடுவாள். உள்ளே போய்க் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு வருவாள். வெளியே வந்ததும் மடியிலிருந்து சிமிழ் வெளிப்படும். கண்ணாடி ஏது? என்னை எதிரே நிறுத்தி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொட்டு வைத்துக்கொள்வாள். "நேரா இருக்கா பாரு" என்பாள். நான் "நேரா இருக்கு அத்தை" என்பேன். பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம்.

நான் படிப்பை முடித்து வெளியூர் போகும்வரை எட்டுப் பத்துத் தடவை இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பின்னால் சங்கடமாக இருந்தது. அதற்கும் பின்னால், கதை எழுதுகிறவன் என்று நாலு பேர் என்னைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, இதை எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

1983இல் அத்தை இறந்தாள். எடுக்கிற நேரத்தில் கூடத்தில் ஒரு தர்க்கம் எழுந்தது. சுமங்கலியாக எடுப்பதா, இல்லையா? சர்க்கார் புத்தகத்தில் விதவை என்று இருக்கிறதே என்றார் ஒரு பெரியவர். என் தாயார் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மஞ்சளை அரைத்துப் பூசினாள். சிமிழைத் திறந்து நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். "ஆபீசுக்குத்தான் அவ விதவை" என்று மட்டும் சொன்னாள். சிமிழ் என்னிடம் வந்து சேர்ந்தது.

இனிமேல்தான் நான் சிங்கப்பூரில் பார்த்ததைச் சொல்லவேண்டும்.

காலேஜில் படிக்கும் என் பேரன் துணைக்கு வந்தான். கிராஞ்சிக்குப் போகிற வழியில் புக்கிட் தீமா என்ற பகுதியில் ஒரு பழைய மோட்டார் தொழிற்சாலை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம் என்றான். ஃபோர்டு கம்பெனி 1941இல் கட்டி முடித்த தொழிற்சாலை அது. கட்டி முடித்த சில மாதங்களிலேயே சரித்திரம் அதற்குள் நுழைந்துவிட்டது. பிப்ரவரி 15ஆம் தேதி மாலை, வெள்ளைக் கொடியோடு வந்த ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யமஷிதாவின் எதிரே உட்கார்ந்து சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது இந்தக் கட்டடத்தின் ஓர் அறையில்தான். இப்போது அது அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த அருங்காட்சியகம். யுத்தத்தையும் ஜப்பானிய ஆட்சியையும் பற்றிய படங்களும் காகிதங்களும் சாமான்களும், அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் வாய்விட்டுச் சொன்ன நினைவுகளும் அங்கே இருக்கின்றன.

அந்த அறை அப்படியொன்றும் பெரிதில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறை இருக்குமே, அதைவிடச் சற்றுப் பெரிது என்று சொல்லலாம். லாரி ஓட்டப்போன மாமாவின் தலையெழுத்தை ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வைத்துத்தான் எழுதினார்களா என்று தோன்றிற்று.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள் என்பது கணக்கு. வெள்ளை அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். காப்டன் மோகன் சிங் அவர்களைப் பார்த்து, இந்தியாவின் விடுதலைக்காகப் போராட வாருங்கள் என்று அழைத்தார். அந்த மைதானத்திலிருந்து பாதைகள் பிரிந்தன. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1943இல் நேதாஜி வந்து தலைமை ஏற்றபிறகு அவர்களில் பலர் பர்மா எல்லைக்குப் போனார்கள். சேரமாட்டேன் என்று நின்றவர்களும் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலரைக் கப்பலில் ஏற்றி நியூ கினித் தீவுப் பக்கம் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். கடலிலும் காட்டிலும் பட்டினியிலும் நோயிலும் அவர்களில் எத்தனையோ பேர் மடிந்தார்கள்.

திண்ணைக்கு வந்த மூன்று செய்திகளும் எனக்கு அங்கே ஞாபகம் வந்தன. மைதானத்தில் பார்த்தேன் என்றவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். பர்மா என்றவரும் காரணமில்லாமல் சொல்லியிருக்கமாட்டார். சயாம் செய்திக்குக்கூட ஒரு வேர் இருந்தது. காணவில்லை என்ற ஒரே வார்த்தைக்குள் இத்தனை சாலைகள் போகின்றன என்பது அத்தைக்குத் தெரியாது. எழுபது வயது தாண்டி, ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கும் அது தெரிந்தது.

கிராஞ்சி, தீவின் வடகோடியில் இருக்கிறது. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்து வந்து இறங்கிய கரைகளில் ஒன்று அதற்குப் பக்கம்தான். பிறகு கைதிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருந்தது. அதில் இறந்தவர்களைப் புதைக்கக் கைதிகளே ஏற்படுத்திய சிறிய இடுகாடு, 1946க்குப் பிறகு மற்ற இடங்களின் சமாதிகளும் வந்து சேர்ந்து, இன்றைய நிலையை அடைந்தது.

வாசலைத் தாண்டியதும் பச்சைப் புல் போர்த்த ஒரு சரிவு. அதில் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக மேலே ஏறுகின்றன. சுமார் 4,400 சமாதிகள். அவற்றில் 850க்கு மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. யார் என்று அடையாளம் தெரியாதவர்கள். அப்படிப்பட்ட கற்களில், இவர் கடவுளுக்குத் தெரிந்தவர் என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்த வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் 1915இல் பிரான்ஸில் காணாமற்போனவன். எத்தனையோ கதை எழுதிய கைக்கு, சொந்தப் பிள்ளையின் முடிவு என்னவென்று எழுதத் தெரியவில்லை. அதைக் கடவுளிடமே விட்டுவிட்டது.

மேட்டின் உச்சியில் நினைவுமண்டபம் நிற்கிறது. தட்டையான நீண்ட கூரை ஆகாய விமானத்தின் இறக்கை மாதிரி விரிந்திருக்கிறது. நடுவில் எழும் கோபுரம் நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தை நினைவூட்டுகிறது. கூரையைத் தாங்குவன 12 பெரிய தூண் சுவர்கள். 1957 மார்ச் 2ஆம் தேதி இதைத் திறந்துவைத்தார்கள். அத்தை எரவாணத்திலிருந்து கடிதத்தை எடுப்பதற்கு ஒரு வருஷம் முந்தி!

அந்தத் தூண்களின் பக்கங்களில் எல்லாம் பெயர்கள். 24,000க்கு மேற்பட்ட பெயர்கள். மலேயாவிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் கடலிலும் ஆகாயத்திலும், பிறகு சிறைவாசத்திலும் இறந்து, சமாதி இன்னதென்று தெரியாமற்போனவர்கள். சகவீரர்களுக்குக் கிடைத்த இறுதி மரியாதைகளை யுத்தத்தின் விதி இவர்களுக்குக் கொடுக்காமற்போயிற்று என்ற கருத்தில் அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. பேரன் அதைப் படித்துக் காட்டினான். கருமம் செய்யக் கொடுத்துவைக்காதவர்கள் என்று எங்கள் ஊரில் சொல்வதைத்தான் வெள்ளைக்காரன் அவனுடைய மொழியில் எழுதியிருக்கிறான்.

மண்டபத்துக்குப் பின்னால் இன்னொரு நினைவுக்கல். தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட 800 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அநேகமாக எல்லாரும் இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள். அங்கே முதலில் தேடினேன். மாமாவின் பெயர் இல்லை. அவருக்கு நெருப்பும் கிடைக்கவில்லை.

எங்கள் செங்கம் வட்டாரத்துக்காரன் ஒருவன் இப்படிப்பட்ட இடத்தில் நிற்கும்போது ஒரு விஷயத்தை நினைக்காமல் இருக்கமுடியாது. எங்கள் பக்கத்துக் காடுமேடுகளில் எங்கே பார்த்தாலும் நடுகற்கள். கையில் வில்லும் வாளும் பிடித்த வீரனைச் செதுக்கி, மேலே வட்டெழுத்தில் அவன் பெயரையும் அவன் எப்படிப் பட்டான் என்பதையும் எழுதியிருப்பார்கள். ஜனங்களுக்கு அந்த எழுத்து மறந்துபோயிற்று. கல்லை மறக்கவில்லை. வேடியப்பன் என்று ஒரே பெயர் வைத்து எல்லாக் கல்லுக்கும் பொங்கல் வைக்கிறார்கள். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திர பல்லவன் காலத்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு போராடி மாண்டவனுடைய கல். அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்த அவனுடைய நாய்க்கும் அதில் உருவம் உண்டு, பெயரும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர்.

ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு வருஷம் காப்பாற்றி வைத்த மண்ணிலிருந்து புறப்பட்ட மனிதர்கள், கடல் கடந்து போய்ப் பெயரில்லாமல் ஆனார்கள். கிராஞ்சித் தூண்களில் இடம் கிடைத்தவர்களையாவது பாக்கியசாலிகள் என்று சொல்லவேண்டும். நேதாஜியின் படையில் சேர்ந்து இறந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்காக 1945 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய சின்னத்தை, அதே வருஷம் திரும்பி வந்த ஆங்கிலேயர் இடித்துப்போட்டார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வர 1995 ஆகவேண்டியிருந்தது. சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஓட்டிக்கொண்டு போன தமிழ்க் கூலிகள் பல்லாயிரவர். எழுபது வருஷம் தூண் தூணாகப் பெயர் பொறித்தாலும் அவர்களை எழுதமுடியாது. பெயரை யாரும் குறித்துவைக்கவே இல்லையே! சிப்பாய்க்குப் பட்டாளத்தில் ஒரு நம்பர் இருந்தது. அதனால் அவன் இறந்தபோது காணவில்லை என்றாவது ஒரு கடிதம் வந்தது. கூலியின் வீட்டுக்கு அந்தக் கடிதமும் வரவில்லை.

வாசகர்கள் அவசரப்படுவார்கள். மாமாவின் பெயர் இருந்ததா, இல்லையா?

யுத்தச் சமாதிகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் எல்லாப் பெயர்களையும் கணிப்பொறியில் ஏற்றிவைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவே பேரன் தேடிப் பார்த்துவிட்டான். மாமாவின் பிரிவில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். சிலருடைய குறிப்பில் தகப்பன் பெயரும் மனைவி பெயரும் ஊரும் போட்டிருந்தது. இந்த மூவருக்கும் ஒன்றும் இல்லை. பெயர், நம்பர், தூணின் எண், அவ்வளவுதான்.

"நம்பர் தெரியுமா தாத்தா?" என்று கேட்டான்.

நம்பர் அத்தையின் பென்ஷன் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தைக் கரையான் தின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒன்பது வயதில் குமாஸ்தாவிடம் பெயரைச் சொன்ன நான், நம்பரைக் கவனிக்கவில்லை.

தூணைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. பிரிவின் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே நெருக்கமாகப் பெயர்கள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ஆனால் படிக்கப் படிக்க எங்கள் ஊர்ச் சாவடியில் ஆள் பெயர் கூப்பிடுவது போலவே காதில் விழுந்தது. பஞ்சாபிப் பெயர்களுக்கும் வங்காளிப் பெயர்களுக்கும் இடையில் நம் பெயர்கள் நின்றன. கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூவரும் ஒருவர் கீழ் ஒருவராக இருந்தார்கள். குழப்பம் வராமல் இருக்கப் பக்கத்தில் நம்பரையும் வெட்டியிருந்தார்கள்.

இதில் எவர் என் மாமா? மூவரில் ஒருவராக இருக்கலாம். மூவரும் இல்லாமல், அவர் பர்மாக் காட்டிலோ சயாமிலோ கிடந்திருக்கலாம். இருந்தாலும் இருப்பார். அவ்வளவு தூரம் போயும் அத்தையின் வார்த்தைக்கு மேல் ஓர் அங்குலம் என்னால் நகரமுடியவில்லை.

ஆனால் ஒன்று தெரிந்தது. மற்ற இருவருக்கும் எங்கோ ஓர் ஊரில் ஓர் எரவாணம் இருந்திருக்கும். அதில் ஒரு கடிதம் இருந்திருக்கும். அந்த வீடுகளிலும் ஒரு பெண் இந்தப் பெயரைச் சொல்லாமலே ஆயுளை முடித்திருப்பாள். மூன்று மனைவிமார் வாயால் சொல்லாத ஒரு பெயரை, எங்கிருந்தோ வந்த கல்தச்சன் மூன்று முறை வெட்டி வைத்திருக்கிறான்.

சட்டைப் பையிலிருந்து சிமிழை எடுத்தேன். ஒரு துளி குங்குமத்தை அந்தக் கல்லில் வைக்கவேண்டும் என்றுதான் ஊரிலிருந்து எண்ணி வந்தேன். திறந்து பார்த்தேன். அடியில் கறுத்துக் காய்ந்த ஒரு பொட்டுக் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூவரில் எவருக்கென்று வைப்பது? மற்ற இருவரும் எந்த மதமோ, எந்த வீட்டாரோ! சுத்தமாக வைத்திருக்கும் கல்லைக் கறைப்படுத்தவும் மனம் வரவில்லை. மூடிவிட்டேன்.

பேரன், "போட்டோ எடுக்கட்டுமா தாத்தா?" என்று கேட்டான். எடுக்கச் சொன்னேன். அவன் தள்ளிப் போய் நின்றதும், நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். ஒன்பது வயதில் சொன்னமாதிரி உரக்கச் சொல்லவில்லை. எனக்குக் கேட்கிற அளவில் ஒரே ஒரு முறை சொன்னேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்திருந்தாலும் எனக்குச் சம்மதமே.

சாயங்கால வெயில் தூண்மேல் சாய்ந்து விழுந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. நல்ல வேலைக்காரன் வெட்டியிருக்கிறான். ஒரு வரிகூடக் கோணவில்லை.

நேராகத்தான் இருக்கிறது, அத்தை.